தேவராஜ் சாரின் வெள்ளைச் சட்டை

சென்ற வாரம், நான் முன்பு வேலை செய்த போட்டோ லேபிலிருந்து நந்தினி ஒரு படம் அனுப்பியிருந்தாள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் திரையில் ஒரு கருப்பு வெள்ளைப் படம். அதன் பக்கத்தில் அதே படத்தின் பிரிண்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போனில் எடுத்திருக்கிறாள். கீழே இரண்டு வரி: "அக்கா, ஸ்கிரீன்ல ஒண்ணு, பேப்பர்ல ஒண்ணு. சதீஷும் நானும் ரெண்டு நாளா மண்டைய ஒடச்சிக்கினு கீறோம். கொஞ்சம் எழுதிக் குடுங்க."

போனில் எடுத்த படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எது வெள்ளை என்பதை போன் தானாக முடிவு செய்துகொள்ளும். அதனால் எழுதித்தான் தரவேண்டும். செங்கல்பட்டு பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த லேபில் எட்டு வருடம் பிரிண்ட் போட்டுவிட்டுப் போன தை மாதம் விலகினேன். என் இடத்தில் இப்போது நந்தினியும் சதீஷும். இப்போது மறைமலை நகர் பக்கம் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஆலையில் தரக்கட்டுப்பாடு. முப்பத்தொரு வயதில் "ரிட்டயர் ஆயிட்டேன்" என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனாலும் புகைப்பட பிரிண்ட்டிலிருந்து நான் பெற்றது ஓய்வுதான். பிஸ்கட் அட்டையில் இருக்கும் சிவப்பு சற்று மாறினால் யாரும் அழுவதில்லை.

அச்சுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்த சூட்டோடு அங்கே சேர்ந்தேன். படித்ததில் பாதி அங்கே தேவைப்படவில்லை, தேவைப்பட்டதில் பாதியைப் படித்திருக்கவில்லை. பயிற்சி பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

முதல் மாதமே ஒரு அஞ்சலிப் படம் என்னை மாட்டிவிட்டது. இறந்துபோன பெரியவரின் கருப்பு வெள்ளைப் படம். திரையில் அருமையாக இருந்தது. பிரிண்ட்டை வாங்கிய மகன் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "எங்க நைனா கருப்புதாம்மா. அதுக்குன்னு இப்டியா? கண்ணு எங்க கீதுன்னே தெரியல" என்றார். நான் கோப்பைத் திறந்து காட்டினேன். திரையில் கண் தெரிந்தது, கண்ணாடியின் சட்டம் தெரிந்தது. "இதுல தெரியுது சார்" என்றேன். "இத கழட்டிக் குடுத்துடு, மாட்டிக்கிறேன்" என்றார்.

திரை, கடையிலிருந்து வாங்கி வந்தபோது வைத்திருந்த அதே அதிக வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் ஆனது. வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்துவைத்து, பிரிண்ட் பார்க்கும் விளக்கின் கீழ் ஒரு வெற்றுத் தாளை வைத்தேன். திரை ஜன்னல் போல இருந்தது, தாள் சுவர் போல இருந்தது. இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பாதிக்கும் கீழே போனது. அந்த மங்கலான திரையில் பெரியவரின் படத்தைத் திறந்தால், கண் இல்லை. அதாவது பிரிண்ட் சரியாகத்தான் வந்திருந்தது. நான்தான் இல்லாத வெளிச்சத்தை நம்பியிருந்தேன். நிழல்களைத் தூக்கி மறுபடியும் போட்டதும் கண் வந்தது.

லேபின் உரிமையாளர் தேவராஜ் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார். "எழுதி ஒட்டு" என்றார். அப்படித்தான் அந்தப் பட்டியல் சுவருக்கு வந்தது. நந்தினி, சதீஷ், நீங்கள் தினமும் பார்க்கும் அதே தாள்தான். ஒன்று, திரையைப் போட்டதும் அரை மணி நேரம் சூடாக விடு. இரண்டு, திரையின் வெளிச்சத்தை வெற்றுத் தாளோடு ஒப்பிட்டுக் குறை. மூன்று, பார்க்கும் விளக்கைத் தவிர மற்றவற்றை அணை. நான்கு, பிரிண்ட் காயும்வரை தீர்ப்புச் சொல்லாதே. ஐந்தாவது வரி அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறு கையெழுத்தில் ஏதோ எழுதியிருக்கும். முதலில் அங்கே இருந்தது இது: "ஐந்து, சாரிடம் காட்டு."

சாரிடம் காட்டுவது என்பது ஒரு சடங்கு. அவர் தினமும் வெள்ளைச் சட்டைதான் போடுவார், அரைக்கை, கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது. ஸ்டைலுக்காக இல்லை, தொழிலுக்காக என்பார். பிரிண்ட்டை இரண்டு ஓரங்களில் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியாகச் சந்துக்குப் போவார். அங்கே எங்கள் கட்டடத்தின் நிழல் விழும். காலை பத்துக்கு முன்பும் மாலை நாலுக்குப் பின்பும் போகமாட்டார். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டையின் இடதுபக்க நுனியை இழுத்து, பிரிண்ட்டில் எது மிக வெளுப்போ அந்த இடத்தோடு ஒட்டிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடுவார். பிறகு ஒரே ஒரு வார்த்தை. ஒன்று "ஓகே." இல்லாவிட்டால் "மஞ்ச."

ஆரம்பத்தில் என் கருப்பு வெள்ளை பிரிண்ட் எல்லாமே "மஞ்ச."

எங்கள் பிரிண்டரில் கருப்பு வெள்ளைக்கு என்று ஒரு வண்ணச் சக்கரம் உண்டு. நடுவில் ஒரு புள்ளி. புள்ளி நடுவிலேயே இருந்தால் நிறச்சாயல் இல்லாத சாம்பல் வரும். நீலப் பக்கம் நகர்த்தினால் பிரிண்ட் குளிரும், எதிர்ப்பக்கம் நகர்த்தினால் பழுப்பேறும். சார் "மஞ்ச" சொல்லச் சொல்ல நான் புள்ளியை நீலத்துக்கு நகர்த்தினேன். ஏழாவது தாளில் "ஓகே" கிடைத்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இப்போது பிரிண்ட்டும் திரையும் ஒத்துப்போகவில்லை. திரையில் சாம்பல், தாளில் லேசான நீலம். டிப்ளமா படித்தவளுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? திரையின் மேல் தொங்கவிட்டு நிறத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அதில் வெள்ளைக்கான இலக்கை நீலப் பக்கம் தள்ளி, திரையை பிரிண்ட்டுக்கு இணங்க வைத்தேன். திரை, தாள், சாரின் சட்டை மூன்றும் ஒன்றாகிவிட்டன. அந்த அமைப்புக்கு "கருப்பு வெள்ளை – சரி" என்று பெயர் வைத்துச் சேமித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஏழு வருடம் யாரும் குறை சொல்லவில்லை. காரணம் எளிது. அஞ்சலிப் படம் ஒரு வீட்டுச் சுவரில் தனியாக மாட்டப்படும். கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் கருப்பு வெள்ளையில் வரும். தனியாகப் பார்த்தால் கண் சில விநாடிகளில் பழகிக்கொண்டு அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொரு வெள்ளை வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

வெளிப்படுத்தியவர் கிரேஸ் அக்கா.

அவர் நெம்மேலிக்காரர். கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறை பராமரிப்புப் பிரிவின் சூப்பர்வைசர். படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் அவர் பொறுப்பு. பழைய கேமரா ஒன்று வாங்கி, தன்னோடு வேலை செய்யும் பெண்களை இரண்டு வருடமாக எடுத்திருந்தார். விரிப்பு உதறும் கைகள், சலவைக் கூடத்து நீராவி, மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேர். எல்லாமே கருப்பு வெள்ளை. மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் ஆறு பேரின் படங்களைச் சேர்த்துக் காட்சி வைத்தபோது, கிரேஸ் அக்காவுக்கும் ஒரு சுவர் கிடைத்தது. பன்னிரண்டு படங்கள். நாங்கள்தான் போட்டுக் கொடுத்தோம்.

ஒரு புதன்கிழமை மதியம், திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பேருந்தில் வந்து இறங்கி, பன்னிரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தார். மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"தங்கச்சி, வேணான்னுட்டாங்க."

"இன்னாக்கா ஆச்சு?"

"மத்தவங்க படத்தோட வரிசையா வெச்சிப் பாத்தாங்க. என்னுது மட்டும் நீலம் அடிக்குதாம். வெள்ளிக்கெழம சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணிக் குடுத்தா மாட்டுவாங்க. இல்லன்னா அந்தச் செவுத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ஞாயித்துக்கெழம எட்டுப் பேரும் வராங்க தங்கச்சி. ஷிப்டு மாத்தி, மேனேஜர் கையக் கால புடிச்சி லீவு வாங்கி வெச்சிகீறேன். அவங்க அங்க வந்து இன்னாத்தப் பாப்பாங்க?"

நான் கோப்பைத் திறந்தேன். பிரிண்ட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். துளி வித்தியாசம் இல்லை. "இங்க பாருங்க அக்கா, ஸ்கிரீன்ல இருக்கறது அப்படியே வந்திருக்கு" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

சத்தம் கேட்டு சார் வந்தார். ஒரு பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனார். நாங்களும் பின்னால் போனோம். சந்து, நிழல், சட்டை நுனி, ஒரு கண். படத்தில் நான்கு கைகள் பிடித்திருந்த விரிப்பின் வெளுத்த பகுதியைச் சட்டையோடு ஒட்டிப் பிடித்தார்.

"எங்கம்மா நீலம்? சட்டையும் இதுவும் ஒண்ணாகீது பாரு. முப்பது வருசமா இப்டித்தான் பாக்கறேன்."

கிரேஸ் அக்கா படத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். குனிந்து நுனியைப் பார்த்தார், நிமிர்ந்து காலரைப் பார்த்தார்.

"சார், கோச்சுக்காதீங்க. வூட்ல யாரு சட்டைக்கு நீலம் போடுறது?"

"எங்க வூட்டம்மாதான். ஏன்?"

"மூணு சொட்டு வுட வேண்டிய எடத்துல மூடி நெறைய ஊத்திகீறாங்க."

சார் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"தெனம் நானூறு பெட்ஷீட் பாக்கறேன் சார். ஷீட்டு நீலம் அடிச்சா வெளிநாட்டுக்காரன் படுக்கமாட்டான். எங்க லாண்ட்ரில யாராச்சும் இப்டி ஊத்துனா அன்னிக்கே சீட்டக் கிழிச்சிடுவேன்."

நான் உள்ளே ஓடி என் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தேன். சேர்ந்த புதிதில் நானே வாங்கிய கிரே அட்டை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அங்கே கிடந்தது. எந்த நிறச்சாயலும் இல்லாத சாம்பல் நிற அட்டை. எதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே செய்வது. சார் சட்டை இருக்கும்போது அது எதற்கு என்று போட்டுவைத்திருந்தேன்.

நிழலில் பிரிண்ட்டின் பக்கத்தில் அட்டையை வைத்தேன். பிரிண்ட் நீலமாக இருந்தது. தயங்கித்தான் அட்டையை சாரின் சட்டைப் பக்கம் கொண்டுபோனேன். சட்டை இன்னும் நீலமாக இருந்தது. இவ்வளவு நாள் அது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

சார் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் பேசுவார்.

"சரோஜா, சட்டைக்கு எவ்ளோ நீலம் போடுற?"

"இன்னா இப்போ திடீர்னு?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"ஒரு மூடி. கண்ணாலம் ஆன புதுசுல நீங்கதான சொன்னீங்க, வெள்ளன்னா கண்ணு கூசணும்னு? கலர் லேப் வெச்சிகீறவரே சொல்றாரேன்னு அன்னிலேந்து ஊத்துறேன். ஏன், ஊதாவாகீதா?"

சார் போனை அணைத்தார். கிரேஸ் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கும் என்று பயந்தேன். கோபம் இல்லை. கணக்கில் எங்கேயோ தவறு என்று நீண்ட நாளாகச் சந்தேகித்து, அது எங்கே என்று தெரிந்த மனிதரின் முகமாக இருந்தது.

"வித்யா," என்றார், "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

உண்மையைச் சொன்னேன். "முதல்ல திரையில வேற மாதிரிதான் சார் இருந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னு திரையை மாத்திட்டேன்."

"நான் சொன்னா திரைய மாத்துவியா? அதுக்கா டிப்ளமா படிச்ச?" அவ்வளவுதான் திட்டு. பிறகு, "எல்லாத்தையும் அழி. மொதல்லேந்து வா" என்றார்.

அந்தப் புதன் மதியத்திலிருந்து வியாழன் மாலைவரை செய்ததை வரிசையாகவே சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியது இதுதான். "கருப்பு வெள்ளை – சரி" அமைப்பை அழித்தேன். திரையின் வெள்ளை இலக்கைப் பழைய தரநிலைக்குக் கொண்டுவந்து, கருவியைத் தொங்கவிட்டுத் திரையை மறுபடி அளந்தேன். வண்ணச் சக்கரத்தின் புள்ளியை நடுவுக்கு வைத்தேன். படத்தைத் தொடவே இல்லை. வெள்ளையிலிருந்து கருப்புவரை படிப்படியாக இறங்கும் சாம்பல் பட்டை ஒன்றை மட்டும் பிரிண்ட் செய்து, காயவிட்டு, கிரே அட்டையோடு வைத்துப் பார்த்தேன். விளக்கின் கீழ் ஒருமுறை, சந்தின் நிழலில் ஒருமுறை. நீலம் போய்விட்டது. திரையில் இருக்கும் பட்டையும் தாளில் இருக்கும் பட்டையும் எந்தச் சமரசமும் இல்லாமல் ஒத்துப்போயின.

ஆனால் பட்டையின் வெள்ளை முனையில் ஒரு சிக்கல். முதல் இரண்டு படிகள் தாளில் பிரியவே இல்லை. திரையில் அவை வேறு வேறாகத் தெரிந்தன. இதுவரை நீலம் அந்த இடத்தில் மெலிதாகப் படிந்து இதை மறைத்திருக்கிறது. இப்போது அங்கே மையே விழவில்லை, வெறும் தாள்தான். கிரேஸ் அக்காவின் நான்கு கைப் படத்தைப் போட்டேன். விரிப்பின் நடுப்பகுதி ஓட்டை விழுந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது.

வியாழனன்று அக்கா விடுப்பு போட்டுவிட்டு வந்து லேபிலேயே உட்கார்ந்திருந்தார். ஈரம் காயாத அந்த பிரிண்ட்டைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"நீலம் போச்சு. ஆனா மடிப்பு எங்க?"

"எந்த மடிப்புக்கா?"

"நடுவுல குறுக்க ஒரு மடிப்பு ஓடும். அத மடிச்சது அஞ்சல. அவ மடிச்சா கோடு போட்டா மாதிரி இருக்கும், எங்க ரிசார்ட்லயே வேற யாருக்கும் வராது. அது தெரியலன்னா அவ அங்க வந்து நின்னு பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி."

திரையில் மடிப்பு இருந்தது. மெல்லிய, மிக மெல்லிய சாம்பல் கோடு. திரை ஒளி விடுவது, அதனால் அதற்கு வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளையைக் காட்ட முடியும். தாளுக்கு அது இல்லை. தன் வெறும் வெண்மைக்கு மேல் அது போகமுடியாது. ஆகவே படத்தின் உச்ச வெள்ளையை ஒரு பிடி கீழே இறக்கி, விரிப்பு முழுவதிலும் மிகச் சிறிதாவது மை விழும்படி செய்யவேண்டும். அதிகம் இறக்கினால் விரிப்பு அழுக்காகத் தெரியும். ஒரு விரிப்பு அழுக்கா இல்லையா என்று சொல்ல அந்த அறையில் என்னைவிடத் தகுதியான ஆள் உட்கார்ந்திருந்தார். படத்தின் அந்த ஒரு துண்டை மட்டும் ஐந்து விதமாக இறக்கி ஒரே தாளில் பிரிண்ட் செய்தேன். காயும்வரை மூவரும் டீ குடித்தோம். மின்விசிறியை அதன் பக்கம் திருப்பவேண்டாம் என்று சார் சொன்னார், தூசி ஒட்டும்.

காய்ந்தபின் அக்கா விரலை வைக்காமல் சுட்டிக்காட்டினார். முதல் இரண்டிலும் மடிப்பு இல்லை. நான்காவதும் ஐந்தாவதும் "தொவைக்காத ஷீட்டு." மூன்றாவது சரி. பன்னிரண்டு படங்களுக்கும் அதே அளவில் இறக்கி, ஒவ்வொன்றாகப் போட்டோம். கடைசித் தாள் வியாழன் ஐந்து மணிக்கு வெளியே வந்தது. இரவு முழுக்கக் காயவிட்டு, வெள்ளி காலை அக்கா வந்து சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மாலை நாலு மணி வரை போன் வரவில்லை. சார் இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்தார். நான் ஒரு கல்யாண ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட நகராமல் இருந்தேன். நாலரைக்கு அக்கா பேசினார். "மாட்டிட்டாங்க தங்கச்சி. பக்கத்துப் படத்தோட வெச்சிப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. கண்ணாடி சட்டத்துல போட்டு ஆணி அடிச்சிட்டாங்க." அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். ஏழு வருடமாக எங்கேயோ இழுத்துப் பிடித்திருந்தது விட்டதுபோல் இருந்தது.

இழுப்பறையில் வைப்பதற்காகக் கிரே அட்டையைத் தேடினேன். மேசைமேல் இருந்தது. ஒரு மூலை மட்டும் கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் மாமல்லபுரம் போனேன். சார் எனக்கு முன்பே வந்திருந்தார். அதே அரைக்கை வெள்ளைச் சட்டை, ஆனால் இப்போது வெறும் வெள்ளை. சுவரின் முதல் படத்தின் முன்னால் நின்றவரின் இடது கை பழக்கத்தில் சட்டை நுனிக்குப் போனது. போன கை நின்றது. பிறகு சட்டைப்பைக்குள் போய், தீப்பெட்டி அளவு சாம்பல் அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தது. கண்ணாடிமேல் அதைப் பிடித்து ஒரு கண்ணை மூடினார். "ஓகே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

நந்தினி, சதீஷ், உங்கள் பட்டியலின் ஐந்தாவது வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியது சார்தான். "அட்டையிடம் காட்டு. பிறகு என்னிடம்." உங்கள் புதுத் திரை பிரிண்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் பயப்படாதீர்கள். எதையாவது நகர்த்தி இரண்டையும் ஒத்துப்போக வைப்பதற்கு முன், இரண்டையும் தனித்தனியாக மூன்றாவது ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரையைக் கருவியால் அளந்துகொள்ளுங்கள், பிரிண்ட்டை அட்டையோடு வையுங்கள். அட்டை இழுப்பறையில் இல்லையென்றால் சார் பையில் இருக்கும்.

எட்டுப் பெண்களும் ஒன்றாகத்தான் உள்ளே வந்தார்கள். நல்ல புடவை, தலையில் பூ, சிரிப்பு. சுவரைப் பார்த்ததும் சத்தம் அடங்கிவிட்டது. அவர்களில் ஒல்லியாக, உயரமாக இருந்த ஒருவர் நேராக நான்கு கைப் படத்திடம் போனார். கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், விரிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணால் போனார். கிரேஸ் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

"இன்னா அஞ்சல, எப்டிகீது?"

அஞ்சலை திரும்பவில்லை. "மடிப்பு சரியாகீது. நான்தான இது, கை தெரியுதே" என்றார். பிறகு விரலைக் கீழ் மூலைக்குக் கொண்டுபோனார். "ஆனா ஏய், இங்க பாரு, இந்த ஓரத்துல டீக் கற. இந்த ஷீட்ட யாருடி பாஸ் பண்ணது?"

எல்லோரும் மூலையைப் பார்க்கக் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். இருந்தது. வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவில், தெரிந்தும் தெரியாததுமாக ஒரு வளையம். திரையில் நான் நூறு முறை பார்த்தும் கவனிக்காதது.

"நான்தான்" என்றார் கிரேஸ் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே அழுதார்.